தண்ணீர் வந்தும் மீன் ஏன் வரவில்லை? மேட்டூர் முதல் கொள்ளிடம் முகத்துவாரம் வரை

கேள்வி இதுதான்: "மேட்டூர் நிரம்புகிறது, காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் ஓடுகிறது. அப்படியிருந்தும் ஆற்று மீன் வருடா வருடம் குறைகிறதே, ஏன்? அணையைத் திறந்து மூடும் முறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பயிருக்குப் பாதகம் இல்லாமல் எதையாவது மாற்ற முடியுமா?"

தொடர்பு உண்டு. மாற்றவும் முடியும், அதற்கு ஆகும் தண்ணீரும் பலர் நினைப்பதைவிடக் குறைவு. வருடத்துக்கு மொத்தம் எத்தனை டிஎம்சி ஓடியது என்பது மீனுக்கு இரண்டாம் பட்சம். எந்த மாதம் வந்தது, எத்தனை நாள் நின்றது, எவ்வளவு வேகமாக வடிந்தது என்ற மூன்றும்தான் அதன் பிழைப்பைத் தீர்மானிக்கின்றன. டெல்டாவில் நாம் எப்போது திறப்பார்கள் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மீன் கொத்துக் கொத்தாகச் சாவது பெரும்பாலும் மூடும்போது.

கணக்கு பிடிபட இரண்டு அளவுகள் தெரிந்தால் போதும். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி ஆகும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு மட்டம் 120 அடி. ஓட்டத்தைச் சொல்லும்போது வெறும் கன அடி என்றால் விநாடிக்கு இத்தனை கன அடி என்று பொருள். பின்னால் வரும் எண்களை எல்லாம் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணை இல்லாத காலத்தில் காவிரிக்கு இரண்டு வெள்ளம் இருந்தது. முதலாவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வருவது. ஆனி கடைசியில் செந்நீராகத் தொடங்கி, ஆடியில் பெருகி, ஆவணி, புரட்டாசியில் மெல்ல வடியும். ஆடிப்பெருக்கு என்று நாம் கொண்டாடுவது இந்த ஏறுமுகத்தைத்தான். இரண்டாவது ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவிலேயே கொட்டும் வடகிழக்குப் பருவமழை. ஆற்றில் முட்டையிடும் கெண்டை இனங்களும் வாளையும் முதல் வெள்ளத்தை நம்பி வாழ்பவை. தண்ணீர் மட்டம் தொடர்ந்து ஏற வேண்டும், கலங்கி ஓட வேண்டும், கரையோரப் புல்லும் படுகையும் மூழ்க வேண்டும். இந்த மூன்று அறிகுறியும் சேர்ந்தால்தான் சினை முற்றிய பெண் மீன் முட்டையை விடும். ஏதாவது ஒன்று தவறினால் அந்த வருடம் முட்டையிடாமலே விட்டுவிடும், சினை உடலுக்குள்ளேயே கரைந்துபோகும்.

1934இல் மேட்டூர் கட்டி முடிக்கப்பட்ட பிறகு இந்த முதல் வெள்ளம் அணைக்குள் போய்விட்டது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்ற 230 நாள் கணக்கு குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் வகுத்தது. பயிருக்கு வேண்டியது ஏறாமல் இறங்காமல் வரும் சீரான தண்ணீர். மீனுக்கு வேண்டியது ஏறி இறங்கும் தண்ணீர். இந்த முரண் ஒன்றும் யார் செய்த தவறும் அல்ல, அணை கட்டியதே அதற்காகத்தான். சிக்கல் என்னவென்றால், இப்போது சீரும் இல்லை, ஏற்ற இறக்கமும் சரியான காலத்தில் இல்லை.

அடுத்தடுத்த இரண்டு வருடங்களைப் பாருங்கள். 2023இல் ஜூன் 12 அன்று சரியாகத் திறந்தார்கள். ஆனால் வரத்து இல்லாததால் அக்டோபர் 10 அன்று மூடிவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை திறக்கவே முடியவில்லை. திறந்த இரண்டு மூன்று நாளிலேயே அணை 120 அடியைத் தொட்டு, லட்சம் கன அடிக்கு மேல் உபரி நீர் இறங்கியது. ஆற்றில் இருக்கும் மீனின் பக்கமிருந்து பார்த்தால் இது மாதக்கணக்கில் வறட்சி, பிறகு ஒரே வாரத்தில் பிரளயம், பிறகு மறுபடி மணல். அணை நிரம்பும் வரை கீழே வெள்ளமே தெரியாது. நிரம்பிய மறுகணம் வருவது அத்தனையும் 16 கண் மதகு வழியாக அப்படியே கீழே போகும். நடுவே படிப்படியான ஏற்றம் என்ற ஒன்றே இல்லை.

மேட்டூரில் விடும் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். கோடையில் காய்ந்த மணல் குடித்துக்கொள்வதால் பருவத்தின் முதல் தண்ணீர் இன்னும் மெதுவாக வரும். இவ்வளவு தூரம் ஓடி வருவதில் மேட்டூரில் செய்த திடீர் மாற்றத்தின் கூர்மை ஓரளவு மழுங்கிவிடும். ஆகவே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை போன்ற மின் கதவணைகளுக்கு அருகே வாழும் மீனுக்கு மேட்டூரும் கதவணைகளும் எப்படி இயங்குகின்றன என்பது முக்கியம். டெல்டா மீனுக்கோ முக்கொம்பு, கல்லணை, அணைக்கரையில் உள்ள கீழணை, இவற்றுக்குக் கீழே தண்ணீரைத் தடுத்துப் பிரித்துவிடும் நூற்றுக்கணக்கான ரெகுலேட்டர்கள் ஆகியவற்றின் ஷட்டரைக் கையாளும் முறைதான் தலையெழுத்து. மேட்டூரை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் பாதி விஷயம் கண்ணில் படாது.

முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு போகிறது, மிஞ்சினால் அங்கிருந்தும் கொள்ளிடத்துக்குத் தள்ளிவிடலாம். பாசன ஆறுகள் தாங்கும் அளவு வரை எல்லாமே அவற்றுக்கு. அதற்கு மேல் வந்தால்தான் கொள்ளிடத்துக்கு. கொள்ளும் இடம் என்ற பெயருக்கு ஏற்றபடி அது வெள்ள வடிகாலாகவே ஆகிவிட்டது. வருடத்தில் சில நாள் கடல் போல் ஓடும், மற்ற நாள் மணல்வெளி. டெல்டாவில் மீனுக்கு மிகப் பெரிய பொறி எது என்று கேட்டால் கொள்ளிடத்தைத்தான் சொல்ல வேண்டும்.

காரணம் அதன் வடிவம். கொள்ளிடம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு அகலமான, கிட்டத்தட்ட மட்டமான மணல் ஆறு. மணல் 200 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில் இருந்தால், தண்ணீர் ஓர் அடி இறங்கும்போது கரையிலிருந்து 200 அடி தூரம் வெளியே தெரிந்துவிடும். முக்கொம்பில் உபரி குறைந்ததும் கொள்ளிடப் பக்கத்து ஷட்டர்களை இறக்குகிறார்கள். மோட்டார் பொருத்திய ஷட்டரை நிமிடக் கணக்கில் இறக்கிவிடலாம். பெரிய மீன் ஓட்டம் குறைவதை உணர்ந்து ஆழத்துக்குப் போய்விடும். விரல் நீளக் குஞ்சு அப்படிப் போகாது. அது இருப்பதே கணுக்கால் ஆழத் தண்ணீரில்தான், ஏனென்றால் பெரிய மீன் துரத்தாத, வெயில் பட்டுப் பாசியும் நுண்ணுயிரும் வளரும் இடம் அதுதான்.

இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மணலில் அலை வரிகள் ஈரத்தோடு நிற்கும். அங்கங்கே ஒரு பாய் விரித்த அகலத்தில் குட்டைகள், மணல் அள்ளிய பள்ளம் என்றால் இன்னும் பெரிதாக. குட்டையின் ஓரத்தில் குஞ்சுகள் கறுப்புத் திட்டாகக் கூடி நிற்கும். ஏழு மணிக்கு இயல்பாக நீந்தும். ஒன்பது மணிக்கு எல்லாம் ஒரே திசையில் முகத்தை வைத்து, வாயை மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு திறந்து மூடும். அது இரை தேடுவது அல்ல, மூச்சு முட்டுவது. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் நிறைவாகவே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் பிடித்துவைக்கும், சூடு ஏற ஏற அதுவும் குறையும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டைக் குஞ்சு தவிக்கும், இன்னும் இறங்கினால் சாகும். பதினோரு மணிக்குக் குட்டைத் தண்ணீரில் கை வைத்தால் வெந்நீர் போலச் சுடும். அதற்குள் கொக்கும் நாரையும் வந்து நின்றிருக்கும். முதலில் போவது ஆற்று இறாலும் கெண்டைக் குஞ்சும். விராலும் குறவையும் தேளியும் பனையேறிக் கெண்டையும் காற்றையும் சுவாசிக்கக் கூடியவை என்பதால் இன்னும் சில நாள் தாங்கும். டெல்டாவில் இவை இன்னும் கிடைப்பதற்கும், ஓடும் ஆற்றை நம்பிய கெண்டைகள் அருகிப்போனதற்கும் இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

முட்டையின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். கெண்டை முட்டை நம் ஊர் வெப்பத்தில் 14 முதல் 20 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரித்த குஞ்சுக்கு மஞ்சள் கரு தீர மூன்று நாள். அதன் பிறகு அது தானாக இரை எடுக்க வேண்டும், அதற்கு மூழ்கிய புல்லும் படுகையும் வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் அளவு வளர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஆக மட்டம் ஏறி முட்டையிட்ட நாளிலிருந்து குறைந்தது 15 நாளாவது படுகை ஈரமாக இருக்க வேண்டும். மூன்று நாள் வெள்ளம் வந்து நான்காம் நாள் ஷட்டர் இறங்கினால், வெள்ளமே வராமல் இருந்ததைவிட மோசம். வெள்ளம் வராவிட்டால் மீன் முட்டையை வெளியே விடாது. பொய்யான வெள்ளம் முட்டையை வெளியே எடுத்துவிட்டுக் கொன்றுவிடும்.

குறுக்குச் சுவர்களுக்கு வருவோம். உல்லம் என்ற மீனை இன்று டெல்டாவில் வயதானவர்கள்கூட அரிதாகவே சொல்வார்கள். வங்கத்தில் இலிஷ், கோதாவரியில் புலசா என்று தலையில் வைத்துக் கொண்டாடும் அதே மீன்தான். கடலில் வளர்ந்து, வெள்ளத்தோடு ஆறேறி நன்னீரில் முட்டையிடும். கொள்ளிடத்தில் அது ஏறி வந்தது. 1836 வாக்கில் ஆர்தர் காட்டன் காலத்தில் அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டதும் அதன் பாதை அங்கேயே முடிந்தது. அணையில் மீன்வழி வைத்தும் உல்லத்துக்கு அது பயன்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தில் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கும் முயற்சிகளும் நடந்தன. மேட்டூர் வந்து வெள்ளத்தையே பிடித்துவைத்த பிறகு, அணைக்குக் கீழே எஞ்சியிருந்த ஓட்டமும் போய், உல்லம் பிடிப்பு சரிந்தது. சுவர் பாதையை அடைத்தது, மேட்டூர் அழைப்பு மணியை நிறுத்தியது என்று சொல்லலாம்.

ஆற்று இறாலுக்கு நேர்மாறான பயணம். தாய் நன்னீரில் இருக்கும். பொரிந்த குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும், ஆகவே அது ஓட்டத்தோடு முகத்துவாரத்துக்குப் போய், அங்கே வளர்ந்து, அரை அங்குலம், ஓர் அங்குல இறாலாகத் திரும்பி ஆறேறும். கீழணைக்குக் கீழே அவை கூட்டமாக வந்து முட்டும். ஷட்டர் அடியில் பாயும் வேகமான தண்ணீரை அவற்றால் எதிர்க்க முடியாது. ஷட்டர் ஓரத்தில் கசிந்து ஈரமாக இருக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரவில், ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும். விலாங்குக் குஞ்சும் அப்படித்தான். கசிவை முழுக்க அடைத்துச் சுவரை வழவழப்பாகப் பூசிவிட்டால் அந்தக் கடைசி வழியும் போயிற்று. மாறாக, சுவரோரம் ஒரு சாய்வுப் பலகையில் தென்னைநார்க் கயிறோ பிரஷ் முள்ளோ பதித்து, அதன் மேல் விரல் கனத்துக்குத் தண்ணீர் சொட்டவிட்டால் போதும், இறாலும் விலாங்கும் ஏறிவிடும். கெண்டைக்கு இது உதவாது. அதற்குத் தொட்டித் தொட்டியான மீன்வழி வேண்டும். ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு மேல் இருக்கக் கூடாது, மொத்தச் சரிவு 20க்கு 1 அளவில் மென்மையாக இருக்க வேண்டும். குதித்து ஏறும் சால்மனுக்கு வரைந்த படத்தை இங்கே கொண்டுவந்து கட்டினால் நம் கெண்டை ஏறாது. மீன்வழியின் வாசல் ஷட்டருக்கு அருகிலேயே, மீன் வந்து முட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும். நூறு அடி தள்ளி வைத்தால் கட்டிய காசு வீண்.

அணைக்கு அடியில் மீன் தேங்கி நிற்பதால் அங்கே பிடிப்பதும் சுலபம். முக்கொம்பிலும் கல்லணையிலும் ஷட்டருக்குக் கீழே சிறு கண் வலை வீசுவது, சினை மீனை அது ஏற முடியாமல் தவிக்கும் இடத்திலேயே அள்ளுவதுதான். புதுத் தண்ணீர் வந்த முதல் மூன்று வாரம் மட்டுமாவது ஷட்டருக்குக் கீழே குறிப்பிட்ட தூரம் வலை வீசாமல் இருந்தால் மீனவர்களுக்கே அடுத்த வருடம் அது திரும்பி வரும்.

கடல் முகத்தைப் பற்றிப் பேசினாலே "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்ற வார்த்தை வந்துவிடுகிறது. கடைமடையில் நாற்று கருகும்போது கொள்ளிடத்தில் வெள்ளம் போவதைப் பார்க்கும் விவசாயியின் கோபம் நியாயமானது. ஆனால் வீண் என்ற சொல் சரியில்லை. கொடுவா கடலில் முட்டையிட்டு, குஞ்சு கழிமுகத்துக்குள் வந்து வளர்கிறது. மடவையும் பால் மீனும் வெள்ளை இறாலும் குஞ்சுப் பருவத்தை உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் கழிக்கின்றன. பழையாறு துறைமுகத்தில் இறங்கும் மீனில் ஒரு பங்கு, பிச்சாவரம் காட்டு வேர்களுக்கு நடுவே வளர்ந்தது. கொள்ளிடம் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தால் கடல் நீர் ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் ஏறி, கரையோரக் கிணறுகளையும் உப்பாக்குகிறது. கோரையாறும் பாமணியாறும் போய்ச் சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு நல்ல தண்ணீர் என்பது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான், கோடையில் அங்கே கடலைவிட உப்புக் கூடும். இத்தனைக்கும் நடுவே பத்து நாளில் லட்சம் கன அடியாகப் போவதால் கழிமுகத்துக்குப் பயன் குறைவு. உப்பு முழுக்கக் கழுவப்பட்டு, வெள்ளம் நின்றதும் மீண்டும் ஏறும். சில நூறு கன அடி தொடர்ந்து போனால் அதைவிடப் பெரிய உதவி.

தண்ணீரின் தன்மையும் மாறுகிறது. ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடையில் மேல் அடுக்கு சூடாகவும் அடி அடுக்கு குளிர்ந்து ஆக்ஸிஜன் குறைந்தும் நிற்கும். அடி மதகு வழியாக வரும் தண்ணீர் அணைக்கு நேர் கீழே மீனை வாட்டும். டெல்டாவுக்கு வருவதற்குள் வெப்பமும் ஆக்ஸிஜனும் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். உயரத்திலிருந்து விழும் உபரி நீரில் காற்று அளவுக்கு மீறிக் கரைந்து, 110 சதவீதத்துக்கு மேல் போனால் மீனின் செவுளிலும் கண்ணிலும் குமிழி கட்டும். அதுவும் அணையடிப் பிரச்சினைதான்.

மணல் அப்படியல்ல, அது டெல்டாவின் பிரச்சினை. அணை தண்ணீரை விட்டாலும் வண்டலையும் மணலையும் பிடித்துக்கொள்கிறது. கீழே புது மணல் வரத்து இல்லாத ஆற்றில் இருப்பதையும் அள்ளினால் ஆற்றின் அடிமட்டம் தாழ்கிறது. தாழ்ந்த ஆற்றில் அதே கன அடி ஓடினாலும் மட்டம் குறைவாக நிற்கும், படுகை மூழ்காது, வாய்க்கால் தலைப்புக்கும் தண்ணீர் ஏறாது. விவசாயியும் மீனும் ஒரே காரணத்தால் நஷ்டப்படும் இடம் இது. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதே, அப்போது இந்த அடிமட்டம் தாழ்ந்த கதை எல்லோர் வாயிலும் அடிபட்டது.

சரி, எதை மாற்றலாம்? முதலில் மூடும் வேகம். ஆற்றில் 10,000 கன அடி ஓடுகிறது, 1,000 ஆக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரே நாளில் இறக்காமல் முதல் நாள் 7,000, இரண்டாம் நாள் 4,000, மூன்றாம் நாள் 1,000 என்று இறக்கினால் கூடுதலாகச் செலவாவது முதல் நாள் 6,000, இரண்டாம் நாள் 3,000, ஆக 9,000 கன அடி நாள் (விநாடிக்கு 9,000 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடும் அளவு). அதாவது முக்கால் டிஎம்சிக்குச் சற்று மேல். அதுவும் பாசன ஆற்றில் விட்டால் வயலுக்குத்தான் போகும், எங்கும் தொலையாது. ஒரு நாளுக்குள்ளும் ஷட்டரைப் பல தவணையாக இறக்க வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளில் சால்மன் குஞ்சுக்காக மணிக்கு ஒன்று முதல் இரண்டு அங்குலத்துக்கு மேல் மட்டம் இறங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே இங்கே விதியாக்க வேண்டியதில்லை. ஆனால் கொள்ளிடம் போன்ற தட்டையான ஆற்றுக்கு அதைவிட வேகம் ஆபத்து என்று கொள்ளலாம். எல்லா ஷட்டரையும் சமமாக இறக்காமல், ஆழமான ஓடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கண்களைக் கடைசியாக மூடினால், பின்வாங்கும் தண்ணீரோடு மீனும் அந்த ஓடைக்கு வந்து சேரும். கூடியவரை பகலில் மூட வேண்டும், மீன் மாட்டினால் கண்ணில் படும்.

அடுத்தது ஏற்றம். ஆடி மாதத்தில் அணையில் ஓரளவு இருப்பும், மேலே கிருஷ்ணராஜ சாகர், கபினி பக்கம் நல்ல மழையும் இருக்கும்போது, வழக்கமான பாசனத் தண்ணீரோடு 5,000 கன அடி கூட்டி மூன்று நாள் விட்டால் 15,000 கன அடி நாள், ஏறக்குறைய 1.3 டிஎம்சி. மேட்டூர் முழுக் கொள்ளளவில் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. ஆடிப்பெருக்குக்குக் கூடுதலாகத் திறப்பது ஏற்கெனவே பழக்கத்தில் உள்ளதுதான். அந்தத் தண்ணீரை இரண்டு நாளில் ஏற்றி உடனே இறக்காமல், முன்பின் நாள்களோடு சேர்த்து மெதுவாக ஏற்றி, பிறகு பதினைந்து நாள் சுமாரான மட்டத்தில் நிறுத்தினால், அது வழிபாட்டுக்கும் ஆகும், முட்டைக்கும் ஆகும். வறட்சி வருடத்தில் இதைக் கேட்கக் கூடாது. அணையில் 50 அடி தண்ணீர் இருக்கும்போது மீனுக்கு வெள்ளம் விடச் சொல்வது பயிரையும் குடிநீரையும் பணயம் வைப்பது.

மூன்றாவது, சாவித் துவாரம் அளவுக்காவது திறந்திருப்பது. முறைப்பாசனத்தில் ஓர் ஆற்றை அடைக்கும்போது ஷட்டரை அடி வரை அழுத்தி மூடாமல் நான்கைந்து அங்குலம் தூக்கி வைத்தால், ரெகுலேட்டருக்குக் கீழே உள்ள குட்டைகள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும். அந்தக் கசிவும் அடுத்த ரெகுலேட்டரில் தேங்கத்தான் போகிறது. ஷட்டரை இயக்கும் லஸ்கர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும், செய்வது ஒரு நிமிட வேலை.

நான்காவது, மடு. ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரை 135 நாள். அந்த நாலரை மாதமும் ஆற்று மீன் இனத்தின் விதை முழுவதும் சில ஆழமான மடுக்களில்தான் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் தூர்வாரும் பணியில் ஆற்றை முழுக்கச் சமதளமாக்கிவிடுகிறார்கள். வளைவின் வெளிப்பக்கம், ரெகுலேட்டரின் கீழ்ப்பக்கம், பழைய படித்துறை அருகே இயற்கையாக ஆறு ஏழு அடி ஆழம் இருக்கும் இடங்களை மட்டும் நிரப்பாமல் விட வேண்டும். அங்கே கோடையில் தண்ணீரை இறைத்தோ, மருந்து கலந்தோ, மின்சாரம் பாய்ச்சியோ மீன் பிடிப்பது விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுவதற்குச் சமம்.

மீன்வளத் துறை ஆற்றில் நாட்டினக் கெண்டைக் குஞ்சுகளை விடுகிறது. நல்ல வேலைதான், தேதிதான் முக்கியம். மூடப்போகும் ஆற்றில் விட்டால் கொக்குக்குப் போட்ட தீனி. நீர்வளத் துறையிடம் அடுத்த 30 நாள் நீர்த் திறப்புத் திட்டத்தைக் கேட்டுக்கொண்டு விட வேண்டும். விடும்போது பையை அப்படியே ஆற்றில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகு அவிழ்க்க வேண்டும்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். 2007 பிப்ரவரி 5 அன்று வந்த காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கர்நாடகத்திலிருந்து எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டிய 177.25 டிஎம்சியிலும் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி என்று அந்தப் பத்தும் இருக்கிறது. மாதம் 2.5 டிஎம்சி என்றால் நாள் முழுக்க விநாடிக்கு 965 கன அடி. இதை அளப்பது பிலிகுண்டுலுவில், அதாவது மேட்டூருக்கு மேலே. வந்த தண்ணீர் அணையில் சேர்கிறது. கீழே ஆற்றுக்காக எவ்வளவு, எந்த நாளில் என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கோடையில் குடிநீருக்கு விடும் தண்ணீரை ஏற்ற இறக்கம் இல்லாமல், மடுக்கள் நிரம்பும்படி விட்டாலே இதில் பெரும்பகுதி நடந்துவிடும்.

உங்கள் ஊர்ப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை நீங்களே அளக்கலாம். மேட்டூர் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றமும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கிலும் விடும் கன அடியும் தினமும் செய்தித்தாளில் வருகின்றன, அவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு மூங்கில் கழியில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஆற்றின் ஆழத்தில் அல்லாமல் ஓரத்தில், முழங்கால் ஆழத்தில் நடுங்கள். தண்ணீர் குறைக்கப்படும் நாளில் மணிக்கு ஒரு முறை மட்டத்தைக் குறியுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குள் நூறு அடி நீளத்துக்குக் கரையோரம் நடந்து, எத்தனை குட்டை, எவற்றில் குஞ்சு, என்ன இனம் என்று எண்ணிப் படம் எடுங்கள். இப்படி நான்கு மூடல்களின் கணக்கு கையில் இருந்தால், மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் "மீன் சாகிறது" என்று பொதுவாகச் சொல்ல வேண்டியிருக்காது. இந்தத் தேதி, இந்த ரெகுலேட்டர், மணிக்கு இத்தனை அங்குலம், இத்தனை குட்டை என்று சொல்லலாம். நீர்வளத் துறைப் பொறியாளர் கையில் இருக்கும் ஷட்டர் இயக்கப் பதிவேட்டோடு அதை அங்கேயே ஒப்பிட முடியும். அடுத்த மூடலை எத்தனை தவணையாகச் செய்வது என்ற பேச்சை அந்த மேசையிலேயே தொடங்கலாம்.